எவ்வளவு எட்டியது?

2006 மார்ச் கடைசியில் ஜெர்மனியில் ஒரு புதிய ஸ்ப்ரே கடைகளுக்கு வந்தது. பெயர் 'மேஜிக் நானோ'. கண்ணாடியிலும் பீங்கானிலும் குளியலறைச் சுவரிலும் அடித்துவிட்டால் அழுக்கு ஒட்டாது, தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும் என்பது விளம்பரம். வாங்கியவர்கள் ஆசையாக வீட்டுக்குக் கொண்டுபோய், சன்னல் சாத்திய சின்னக் குளியலறையில் நின்று அடித்தார்கள். சில நாட்களுக்குள் ஏறக்குறைய நூறு பேர் இருமல், மூச்சுத்திணறல் என்று நச்சுத் தகவல் மையங்களுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். ஆறு பேருக்கு நுரையீரலில் நீர் கோத்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. பொருள் உடனே திரும்பப் பெறப்பட்டது. நானோ தொழில்நுட்பத்தின் முதல் பலிகள் என்று உலகெங்கும் செய்தி பரவியது.

ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் புட்டியைத் திறந்து சோதித்தது. உள்ளே நானோ துகளே இல்லை. பரப்பில் படியும் படலம் மிக மெல்லியது என்பதால் வைத்த பெயர் அது. இன்னொன்றும் தெரியவந்தது: இதே வகைத் திரவம் கையால் அழுத்தும் பம்ப் புட்டியில் விற்றபோது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாயு அழுத்தத்தில் பீய்ச்சும் டப்பாவுக்கு மாறிய பிறகுதான் வினை வந்தது. துளிகள் பொடிந்து, மூக்கும் தொண்டையும் தடுக்க முடியாத அளவுக்குச் சிறுத்து, நேராக நுரையீரலின் அடிவரை போயின.

இன்றைய பேச்சின் பொருள் அந்தப் புட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பொருள் நச்சா இல்லையா என்று கேட்பது பாதிக் கேள்வி. அது யாரை எட்டியது, எந்த வழியாக எட்டியது, எவ்வளவு எட்டியது, எந்த உருவில் எட்டியது என்பது மறுபாதி. நானோ பொருள்களைப் பற்றிய விவாதங்களில் முதல் பாதிக்கே சத்தம் அதிகம். அளந்து சொல்ல வேண்டிய இரண்டாம் பாதியில் ஆள் குறைவு.

ஆங்கிலத்தில் இதை 'எக்ஸ்போஷர்' என்கிறார்கள். நம் பாடநூல்கள் 'வெளிப்பாடு' என்று எழுதுகின்றன. அந்தச் சொல் இங்கே பொருந்தவில்லை. வெளிப்பாடு என்றால் உள்ளிருப்பது வெளியே வருவது. இங்கே நடப்பது, வெளியிலிருப்பது நம் மேல் வந்து விழுவது. பேச்சுவழக்கில் நல்ல சொல் காத்திருக்கிறது. வெயில் படுகிறது, தூசி படுகிறது, கண் படுகிறது என்கிறோமே, அந்தப் 'படுதல்'. ஆட்படுதல் என்று சொன்னால் படுகிற பொருளோடு பட்டவரும் கண்முன் வந்துவிடுகிறார். இந்த உரையில் அந்தச் சொல்லே புழங்கும்.

'அளவு' என்ற சொல்லையும் சற்றுப் பார்க்க வேண்டும். செருப்பின் அளவு என்றால் அது எவ்வளவு பெரிது என்று பொருள். மருந்தின் அளவு என்றால் எத்தனை கொடுப்பது என்று பொருள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி இரண்டாவது பொருளில் சொன்னது. நானோ பொருள்களில் இந்த இரண்டு பொருளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. துகள் எவ்வளவு சிறிது என்பதே, எவ்வளவு தாங்கும் என்பதை மாற்றிவிடுகிறது.

ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான அளவில் வேண்டுமென்றே செய்யப்படும் பொருள்களைத்தான் செயற்கை நானோ பொருள்கள் என்கிறோம். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள ஒரு கற்கண்டுக் கட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு மொத்தம் 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் பக்கமுள்ள கட்டிகளாக வெட்டிக்கொண்டே போனால் எடை மாறாது; ஆனால் மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர் ஆகிவிடும். ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் நிலம். வேதிவினை நடப்பது மேற்பரப்பில். கையிலிருந்த கற்கண்டு, எடை கூடாமலே, ஒன்றரை ஏக்கர் நஞ்சை நிலத்தின் பரப்போடு உடம்புக்குள் போகிறது என்றால் கிராம் கணக்கு மட்டும் போதாது என்பது விளங்கும்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2011-இல் இதை எண்ணிலேயே காட்டியது. டைட்டானியம் டை ஆக்சைடு என்பது பெயிண்டுக்கும் பற்பசைக்கும் வெண்மை தரும் தூள். சாதாரண நுண்தூளாக இருந்தால் வேலையிடக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2.4 மில்லிகிராம் வரை போகலாம். அதே பொருள் நானோ அளவில் இருந்தால் 0.3 மில்லிகிராம்தான் என்று பரிந்துரைத்தது. பொருள் ஒன்றே, வரம்பு எட்டில் ஒரு பங்கு. கார்பன் நானோகுழாய்களுக்கு 2013-இல் அது சொன்ன வரம்பு ஒரு மைக்ரோகிராம். 2021-இல் நானோ வெள்ளிக்கு 0.9 மைக்ரோகிராம். இந்த எண்கள் பரிந்துரைகளே தவிர சட்டம் அல்ல. ஆனாலும் உலகில் எங்காவது ஓர் ஆய்வாளர் தொழிற்கூடத்துக்குள் கருவியோடு நுழையும்போது கையில் பிடித்துக்கொள்ள இவை போன்ற சில எண்களே இருக்கின்றன.

கார்பன் நானோகுழாய் என்றதும் நமக்கு மிக அருகில் உள்ள ஒரு சான்று நினைவுக்கு வர வேண்டும். கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதை வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டு, 2020-இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை அந்த ஓடுகள். சூளையின் வெப்பத்தில், ஏதோ ஒரு தாவரப் பொருளின் கரி அப்படி உருக்கொண்டிருக்கக்கூடும். அதற்கு முன்பு பழமையானதாகக் கருதப்பட்டவை டமாஸ்கஸ் வாளில் கிடைத்த நானோகுழாய்கள்; அந்த வாளின் எஃகும் தென்னிந்தியாவிலிருந்து போனதுதான்.

அந்தப் பானையில் சோறு உண்டவர்கள் நானோகுழாய்க்கு ஆட்பட்டார்களா? குழாய்கள் ஓட்டின் பூச்சில் இறுகப் பதிந்திருக்கின்றன. 2,600 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் பெயரவில்லை. மூச்சில் கலக்க வழியே இல்லை. இருப்பு வேறு, ஆட்படுதல் வேறு. ஆனால் அந்த ஓட்டை மாவாக அரைத்துக் காற்றில் ஊதினால் கதை மாறும். டென்னிஸ் மட்டையின் பிசினுக்குள் சிக்கியிருக்கும் நானோகுழாயும், அதே மட்டைக்காக ஆலையில் ஒரு தொழிலாளி மூட்டையிலிருந்து கொட்டும் நானோகுழாய்த் தூளும் ஒன்றல்ல. மட்டையை அறுக்கும்போதும் உரசும்போதும் எரிக்கும்போதும் கேள்வி மறுபடி எழுகிறது. எனவே ஒரு பொருளின் முழு வாழ்நாளையும் தொடர்ந்து போக வேண்டியிருக்கிறது: பிறந்த ஆலை, புழங்கிய வீடு, கடைசியில் சேரும் குப்பை.

மூட்டையிலிருந்து கொட்டுகிறவருக்கு என்ன ஆகலாம் என்பதற்கு ஒரு குறிப்பு 2008-இல் கிடைத்தது. எடின்பரோவின் கென் டொனால்ட்சனும் சக ஆய்வாளர்களும், நீண்டு விறைத்த நானோகுழாய்களை எலியின் வயிற்று உறையில் செலுத்தியபோது, ஆஸ்பெஸ்டாஸ் இழை உண்டாக்கும் அதே வகை அழற்சி தோன்றியது. குட்டையான, சுருண்டு பந்தான குழாய்கள் அப்படிச் செய்யவில்லை. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் கூடி, ஒரே ஒரு வகைப் பல்சுவர் நானோகுழாயை மட்டும் 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பட்டியலில் சேர்த்தது. மற்ற வகைகளைப் பற்றி முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. 'நானோகுழாய் ஆபத்து' என்றோ 'ஆபத்தில்லை' என்றோ பொத்தாம்பொதுவாகச் சொல்வது இரண்டுமே தவறு.

இனி மனிதர்களுக்கு வருவோம்.

2009-இல் பெய்ஜிங் மருத்துவர்கள் ஐரோப்பிய மூச்சியல் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பிசின் பூச்சைத் தெளிக்கும் ஒரு பட்டறையில் வேலை பார்த்த ஏழு பெண்கள். வயது 18 முதல் 47 வரை. வேலை செய்த அறை சுமார் 70 சதுர மீட்டர். ஒரே கதவு, சன்னல் இல்லை. காற்றை வெளியேற்றும் கருவி ஐந்து மாதமாகப் பழுது. வெளியே குளிர் என்பதால் கதவையும் சாத்தி வைத்திருந்தார்கள். ஐந்து மாதம் முதல் பதின்மூன்று மாதம் வரை அங்கே உழைத்த அந்த ஏழு பேரும் மூச்சடைத்து, நுரையீரல் உறையில் நீர் சேர்ந்து படுத்தார்கள். இருவர் இறந்தனர். நோயாளிகளின் நுரையீரல் திசுவிலும் நீரிலும் 30 நானோமீட்டர் அளவிலான துகள்களை மருத்துவர்கள் கண்டார்கள்.

உலக விஞ்ஞானிகள் கேட்ட முதல் கேள்வி: அந்த அறையின் காற்றில் எத்தனை துகள் இருந்தது? பதில் இல்லை. யாரும் அளக்கவில்லை. நோய் வெளியே தெரிந்தபோது பட்டறை ஓய்ந்துவிட்டது. துகளா, பூச்சின் கரைப்பானா, சூடேறிய பிசினின் புகையா, இவை எல்லாம் சேர்ந்தா என்று இன்றுவரை அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண்களின் மேல் என்ன பட்டது என்ற கணக்கு, அது படும்போதே எழுதப்பட வேண்டிய கணக்கு. பின்னால் எழுத முடியாது. ஆட்படும் அளவை அளப்பது ஏதோ ஆராய்ச்சியாளரின் கூடுதல் வேலை என்று நினைப்பவர்கள் இந்த அறையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு நிகழ்வு சிறியது, ஆனால் நம் ஆய்வகங்களுக்கு மிகவும் பழக்கமானது. 26 வயதுப் பெண் வேதியியலாளர் ஒருவர் நிக்கல் நானோ தூளை எடைபோட்டார். ஒரு கிராம், இரண்டு கிராம், அவ்வளவுதான். புகைக்கூண்டுக்குள் அல்ல, திறந்த மேசையில். முகக்கவசம் இல்லை. கொஞ்ச நாளில் தொண்டை எரிச்சல், மூக்கடைப்பு, முகம் சிவத்தல். பிறகு வழக்கமாகப் போட்டிருந்த தோடும் இடுப்பு பெல்ட்டின் கொக்கியும் தோலில் அரிப்பை உண்டாக்கின. நிக்கலுக்கு அவர் உடம்பு ஒவ்வாமை கொண்டுவிட்டது. பழைய இடத்தில் அவரால் வேலையைத் தொடர முடியவில்லை. 2014-இல் மருத்துவ இதழில் பதிவான நிகழ்வு இது. கல்லூரி ஆய்வகத்தில் காற்றாடி சுழலும்போதே திறந்த மேசையில் தூளை நிறுப்பது நமக்குப் புதிதல்ல.

சரி, எப்படி அளப்பது? எளிமையான கருவி ஒன்று உண்டு. காற்றை உறிஞ்சி ஆல்கஹால் ஆவிக்குள் செலுத்தும். ஒவ்வொரு நானோ துகளின் மேலும் ஆவி படிந்து, மார்கழிப் பனித்துளிபோல் பருத்து, லேசர் ஒளியில் ஒன்றொன்றாக மின்னும். மின்னலை எண்ணினால் துகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாததைப் பனித்துளியாக்கி எண்ணும் இந்த உத்தி அழகானது. ஆனால் ஒரு குறை: துகள் எங்கிருந்து வந்தது என்று இந்தக் கருவிக்குத் தெரியாது. டீசல் புகையும் எண்ணப்படும், பக்கத்துக் கடையில் வடை சுடும் எண்ணெய்ப் புகையும் எண்ணப்படும். நகரத்துச் சாலையோரக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் பல்லாயிரம் துகள் சாதாரணமாகவே மிதக்கின்றன.

டயருக்குக் கறுப்பு தரும் கார்பன் பிளாக் தூளை மூட்டை கட்டும் ஆலைகளில் தாமஸ் குல்புஷ் என்ற ஜெர்மன் ஆய்வாளரின் குழு அளவெடுத்து 2004-இல் வெளியிட்டது. நானோ அளவிலான துகள் எண்ணிக்கை எகிறிய நேரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால், காரணம் கார்பன் பிளாக் அல்ல; மூட்டை தூக்கவந்த ஃபோர்க்லிஃப்டின் புகையும் கட்டடத்தைச் சூடாக்கும் எரிவாயு அடுப்பும்தான். கார்பன் பிளாக் துகள்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து பெரிய தூசியாகவே பறந்தன. அன்று எண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்தால் பழி தவறான இடத்தில் விழுந்திருக்கும். அதனால்தான் வேலை தொடங்குமுன் ஒரு தரம், நடக்கும்போது ஒரு தரம், வெளிக்காற்றில் ஒரு தரம் என்று அளந்து கழித்துப் பார்க்கிறார்கள். கூடவே வடிகட்டியில் துகளைப் பிடித்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முகம் பார்க்கிறார்கள். அந்த வடிகட்டி மாட்டப்படும் இடம் முக்கியம்: அறையின் மூலையில் அல்ல, தொழிலாளியின் சட்டைக் காலரில், மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில். தூளைக் கொட்டும் நொடியில் மூக்கருகே இருக்கும் காற்றும் மூலையில் இருக்கும் காற்றும் ஒன்றல்ல.

மூக்கு என்பது வெறும் வாசல்தான். உள்ளே போன துகள் எங்கே தங்குகிறது என்பதும் அதன் அளவைப் பொறுத்தது. 20 நானோமீட்டர் அளவுள்ள துகளை மூச்சில் இழுத்தால் ஏறக்குறைய பாதி, நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகளில் போய்ப் படியும் என்று கதிரியக்கப் பாதுகாப்புக்காக உருவாக்கப்பட்ட மாதிரிக் கணக்குகள் காட்டுகின்றன. அதைவிட மிகச் சிறிய ஒரு நானோமீட்டர் துகளோ மூக்கிலேயே பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். சிறியது எல்லாமே ஆழத்துக்குப் போகும் என்ற பொதுநம்பிக்கையும் இங்கே எடுபடாது.

வாய் வழி இன்னொரு பாதை. இனிப்புகளின் மேல் பூசும் வெண்மைக்கும் சூயிங்கத்துக்கும் சேர்க்கப்பட்டுவந்த இ171 என்ற டைட்டானியம் டை ஆக்சைடைப் பிரித்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று, துகள்களின் எண்ணிக்கையில் சுமார் 36 சதவீதம் 100 நானோமீட்டருக்குக் கீழ் இருந்ததாக 2012-இல் சொன்னது. நானோ என்று எண்ணிச் சேர்த்த பொருள் அல்ல அது. அரைக்கும்போதே அப்படி அமைந்தது. உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவர்களைவிடக் குழந்தைகளே அதிகம் உண்கிறார்கள் என்றும் அந்த ஆய்வு கணக்கிட்டது. காரணம் வெளிப்படை, இனிப்பு யாருக்கு? 2021-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இனி இதைப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று அறிவித்தது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவிலிருந்து விலக்கியது. பிரான்ஸ் 2020 தொடக்கத்திலேயே விலக்கிவிட்டது.

சுற்றுச்சூழலுக்குள் போன துகளைத் தொடர்வது இதைவிடக் கடினம். வெள்ளியை எடுத்துக்கொள்வோம். கிருமியைக் கொல்லும், நாற்றம் வராது என்று நானோ வெள்ளி ஏற்றிய காலுறைகள் விற்பனைக்கு வந்தன. அரிசோனா பல்கலைக்கழகம் ஒன்றில் பென், வெஸ்டர்ஹாஃப் என்ற இருவர் 2008-இல் கடையில் வாங்கிய காலுறைகளை வெறும் தண்ணீரில் போட்டு அலசினார்கள். அரை லிட்டர் தண்ணீரில் 650 மைக்ரோகிராம் வரை வெள்ளி இறங்கியது. சில காலுறைகள் நாலைந்து சலவைக்குள் கிட்டத்தட்ட எல்லா வெள்ளியையும் இழந்துவிட்டன. வேறு சில, ஒரு சதவீதம்கூட விடவில்லை. எல்லாமே வெள்ளி ஏற்றிய காலுறைகள்தான், ஆனால் துணியில் வெள்ளியைப் பிணைத்த முறை வேறாக இருந்திருக்க வேண்டும். வாங்குகிறவருக்கு எதுவும் தெரிய வழியில்லை.

அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. அங்கே முட்டை அழுகிய நாற்றம் வரும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைப் பிடித்துக்கொண்டு வெள்ளி சல்ஃபைடாக மாற்றிவிடுகின்றன. நம் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு கறுத்துப்போவதும் இதே வினைதான். சுவிட்சர்லாந்தில் ரால்ஃப் கேகியின் குழு, சோதனைக் கழிவுநீர் நிலையம் ஒன்றில் இதைப் பின்தொடர்ந்து 2011-இல் சொன்னது: வெள்ளியில் மிகப்பெரும் பகுதி சேற்றோடு போய்விடுகிறது, அதுவும் சல்ஃபைடாகக் கறுத்து, அவ்வளவாகக் கரையாமல். ஆலையிலிருந்து புறப்பட்டது ஒரு பொருள். மீனிடம் போய்ச் சேருவது வேறொரு பொருள். சோதனைக் குழாயில் புத்தம்புதிய நானோ வெள்ளியில் மீன்குஞ்சை விட்டுப் பார்த்து ஆற்றுக்கு ஆபத்து என்று எழுதும் ஆய்வுகள் இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இதே குழு ஒரு சிறு மாதிரி வீட்டின் சுவருக்கு நானோ வெள்ளி கலந்த பெயிண்ட் அடித்து, ஓராண்டு முழுக்க மழையில் வழிந்த தண்ணீரைச் சேகரித்தது. வெள்ளியில் 30 சதவீதத்துக்கு மேல் ஒரே ஆண்டில் கழுவிப் போயிற்று. முதல் சில மழைகளில்தான் அதிகம். லிட்டருக்கு 145 மைக்ரோகிராம் வரை. வடகிழக்குப் பருவமழை ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் நம் ஊரில், முதல் மழைத் தண்ணீர் எந்தக் குளத்துக்குப் போகிறது என்பது கேட்க வேண்டிய கேள்வி.

சேறு பிறகு எங்கே போகிறது? சுவிட்சர்லாந்தில் கழிவுநீர்ச் சேற்றை வயலில் இடத் தடை உண்டு, எரித்துவிடுகிறார்கள். எரித்தால் போய்விடுமா என்று பார்க்க, சோலோதுர்ன் நகரக் குப்பை எரி உலையில் நானோ சீரியம் ஆக்சைடைக் கலந்து சோதித்தார்கள். முடிவு 2012-இல் வந்தது. புகைக்கூண்டு வழியே கிட்டத்தட்ட எதுவும் தப்பவில்லை, வடிகட்டிகள் பிடித்துவிட்டன. ஆனால் துகள் அழியவும் இல்லை. சாம்பலோடும் கசடோடும் குப்பைமேட்டுக்குப் போயிற்று. சேற்றை உரமாக வயலுக்கு அனுப்பும் நாடுகளில் அந்தக் கணக்கு மண்ணில்தான் முடியும்.

சோதனைக் குழாயைத் தாண்டி ஏரியையே சோதனைக் கூடமாக்கியவர்கள் கனடாக்காரர்கள். ஒன்டாரியோவின் வடமேற்கில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிக்கூட்டத்தில் 222-ஆம் எண் ஏரி. 2014, 2015 கோடைகளில் அதில் நானோ வெள்ளியைச் சிறிது சிறிதாகக் கலந்தார்கள். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவில்தான் நீரில் இருந்தது. மஞ்சள் பெர்ச் என்ற மீன்களின் ஈரலில் வெள்ளி சேர்ந்தது; அவை இரை தின்பது குறைந்தது. கலப்பதை நிறுத்திய பிறகும் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். இவ்வளவு பொறுமையான ஆய்வுகள் உலகில் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும்.

இயற்கையான துகளிலிருந்து செயற்கையானதைப் பிரித்தறிவது எப்படி என்பது இன்னொரு தலைவலி. வியன்னாவின் பழைய டான்யூப் ஏரியில் கோடையில் ஆயிரக்கணக்கானோர் குளிக்கிறார்கள். அவர்கள் பூசிய சன்ஸ்கிரீன் தண்ணீரில் கலக்கிறதா என்று ஓராண்டு முழுக்க மாதிரி எடுத்து 2014-இல் எழுதினார்கள். மண்ணில் டைட்டானியம் இயல்பாகவே உண்டு. ஆனால் மண்ணின் டைட்டானியம் அலுமினியம், நியோபியம் போன்ற கூட்டாளிகளோடு வரும். சன்ஸ்கிரீனின் டைட்டானியம் தனியாக வரும். அந்த விகிதம் மாறுவதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கரையில் இதைச் செய்யப் போனால் என்ன ஆகும்? அங்கே காலடியில் கிடக்கும் கருமணலே டைட்டானியத் தாது. வியன்னாவின் முறையை அப்படியே தூக்கிவந்து நம் கடலில் போட முடியாது. நம் மண்ணுக்கேற்ற அளவுகோலை நாமே செய்தாக வேண்டும்.

எல்லா ஊரிலும் எல்லாவற்றையும் அளக்க முடியாது என்பதால் கணக்குப்போட்டு ஊகிக்கும் மாதிரிகள் வந்தன. சுவிட்சர்லாந்தின் பெர்ன்ட் நோவாக் 2008 முதல் இதில் முன்னோடி. எவ்வளவு உற்பத்தி, எத்தனை சதவீதம் எந்தப் பொருளில், அதிலிருந்து எவ்வளவு நீருக்கு, மண்ணுக்கு, காற்றுக்கு என்று வாய்க்கால் வாய்க்காலாகப் பிரித்துக்கொண்டு போகும் கணக்கு. மடையில் எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள் என்றே தெரியாவிட்டால் கடைமடையில் எவ்வளவு பாயும் என்று எப்படிச் சொல்வது? அதற்காகவே பிரான்ஸ் 2013 முதல், நானோ பொருள் செய்பவரும் இறக்குமதி செய்பவரும் அளவை அரசிடம் ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. இந்தியாவில் அப்படி ஒரு பதிவேடு இல்லை. வேலையிடக் காற்றுக்கான நம் சட்ட அட்டவணைகளிலும் நானோ வடிவத்துக்கென்று தனி வரம்பு இல்லை.

நம்மிடம் நல்ல முன்மாதிரி இல்லாமல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப்பின் குழு நானோ வெள்ளியைக் கொண்டு குடிநீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டியை உருவாக்கியது. வெள்ளித் துகள்களை அலுமினியச் சேர்மமும் கைட்டோசனும் கலந்த கூட்டுக்குள் சிறைவைத்து, வெள்ளி அயனி மட்டும் மெல்ல மெல்லக் கசியும்படி செய்தார்கள். நீரில் இறங்கும் வெள்ளி நூறு கோடியில் 40 பங்கு அளவில் நிற்பதை அளந்து, குடிநீருக்கான வரம்பான 100-க்குக் கீழே என்று 2013-இல் எழுதினார்கள். தண்ணீர் சுத்தமாகிறதா என்பதோடு, குடிப்பவருக்குள் எவ்வளவு போகிறது என்பதையும் பொருளை வடிவமைக்கும்போதே கேட்டிருக்கிறார்கள். செய்ய வேண்டிய முறை இதுதான்.

வயலுக்கு வருவோம். குஜராத்தின் கலோலில் உருவான நானோ யூரியா 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் இடம்பெற்றது. அரை லிட்டர் புட்டி ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம் என்றார்கள். விளைச்சல் பற்றிக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தாரும் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தாரும் எழுப்பிய ஐயங்கள் பெரிதாகப் பேசப்பட்டன, பேசப்பட வேண்டியவையே. ஆனால் முதுகில் தெளிப்பானைச் சுமந்து, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, காற்றுக்கு எதிரே நடக்கும் அந்தத் தொழிலாளியின் மூக்கருகே துளி எந்த அளவில் வருகிறது, நண்பகல் வெயிலில் துளி உலர்ந்தால் மிஞ்சுவது என்ன என்ற கேள்வி அந்த விவாதத்தில் ஓரமாகக்கூட நிற்கவில்லை. யூரியா உடம்புக்குப் பழகிய பொருள்தான். பதில் ஆறுதலாகவே இருக்கலாம். அடுத்து துத்தநாகமும் தாமிரமும் நானோ உருவில் அதே தெளிப்பானில் ஏறும்போது என்ன பதில்? நானோ வேளாண் இடுபொருள்களை மதிப்பிட மத்திய அரசு 2020-இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. வயல் மட்டத்தில் அளக்க ஆள் வேண்டும்.

அந்த ஆள்கள் நம் கல்லூரிகளிலேயே இருக்கிறார்கள். வேப்பிலைச் சாற்றிலும் துளசிச் சாற்றிலும் நானோ வெள்ளி செய்யாத வேதியியல் துறையோ உயிர்தொழில்நுட்பத் துறையோ இன்று தமிழ்நாட்டில் குறைவு. இலைச்சாறு மஞ்சளிலிருந்து பழுப்பாக மாறுவதைப் படமெடுத்து, நுண்ணோக்கியில் துகளின் அளவைக் காட்டி, எந்தக் கிருமியைக் கொன்றது என்று வட்டத்தட்டில் அளந்து, ஆய்வேடு முடிகிறது. மீந்த கரைசல் எங்கே போயிற்று என்று எந்தப் பக்கத்திலும் இருப்பதில்லை. கைகழுவும் தொட்டியில்தான் போயிற்று.

அவையில் இருக்கும் ஆய்வு நெறியாளர்களிடமும் மாணவர்களிடமும் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஆய்வேட்டில் ஓர் இயல் சேருங்கள். தூளை நிறுத்தபோது உங்கள் சட்டைக் காலரில் மாட்டிய வடிகட்டியில் எவ்வளவு சேர்ந்தது, ஓராண்டில் தொட்டி வழியே எத்தனை மில்லிகிராம் வெள்ளி வெளியேறியது, அது உங்கள் வளாகத்தின் எந்தக் கால்வாயில் போய்ச் சேர்ந்தது என்று அளந்து எழுதுங்கள். வெள்ளியை அளக்கும் கருவி பல்கலைக்கழகங்களின் மையக் கருவிக்கூடங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் பதிவேடு அந்த இயல்களிலிருந்தே தொடங்கலாம்.